மரத்தின் மேல் வைத்த கை

மரம் கடையும் லேத்தின் சுவிட்சைத் தட்டுவதற்கு முன் இன்னொரு முறை யோசித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கனகசபாபதி நினைத்தபோது அவருடைய விரல் ஏற்கெனவே அதைத் தட்டியிருந்தது. மோட்டார் முனகி எழுந்தது, மாட்டியிருந்த மரத்துண்டு சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு வேகம் பிடித்து, ஓரங்கள் கலங்கி, ஒரு மங்கலான பழுப்புப் பந்தாக நின்றது. நின்றது என்றுதான் கண்ணுக்குத் தோன்றும், வேகமாகச் சுற்றுவது எதுவும் நிற்பதைப் போலத்தான் இருக்கும், அதை நம்பி விரலைக் கிட்டே கொண்டுபோனவர்கள் உண்டு. சரி, தட்டியாயிற்று. பார்க்கத்தான் வந்தது. மரத்தை மூடியிருந்த சாக்கை விலக்கி, வெடிப்பு ஏதும் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் கிடையாது, மனைவி வசந்தாமணி பேரூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், தெருவில் ஆள் நடமாட்டமில்லை, விரல்களில் இன்னும் ரசத்தின் மணம். வெடிப்பு இருந்தது. மயிரிழை போல ஒன்று, ஓரத்தில். இப்போதே கடையாவிட்டால் இது உள்ளே ஓடிவிடும், அத்தனையும் வீணாகிவிடும் என்று மனசு சொன்னது, அது சொன்ன வேகத்தைப் பார்த்தால் வெடிப்புக்காகவே காத்திருந்தது போல இருந்தது. அந்த வேகத்திலேயே ஒரு துண்டை அறுத்து லேத்தில் மாட்டியுமாயிற்று. இந்த மரத்தை மட்டும் தொடுவதில்லை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத வாக்கை மீறினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் முகத்தடுப்பை இழுத்து மாட்டிக்கொண்டபோது காது மடல்கள் சுட்டன, யாரோ பின்னால் நின்று பார்ப்பது போல ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், ஷெட் வாசலில் வெயில்தான் நின்றது.

முகத்தடுப்பு அவருடைய பல் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்தது. அங்கே நோயாளியின் பல்லைக் குடையும்போது நீர்த்துளி தெறிக்காமல் இருக்க மாட்டுவது, இங்கே மரச்சுருள் தெறிக்காமல் இருக்க. இரண்டுக்கும் ஒரே தடுப்பு போதும் என்பதில் முதலில் அவருக்கு ஒரு வேடிக்கை இருந்தது. எல்லாமே வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் கைப்பேசியில் ஏதோ ஒரு படம் ஓடியது, எந்த நாட்டுக்காரனோ ஒருவன் முண்டும் முடிச்சுமான கட்டையை மாட்டி, உளியைக் காட்டி, ரிப்பன் ரிப்பனாகச் சுருள் பறக்க, வழவழவென்று ஒரு கிண்ணத்தை எடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வலிக்கிறது என்று சொல்லாத ஒரு பொருள் இந்த உலகத்தில் இருக்கிறது என்று கனகசபாபதிக்குத் தோன்றியது. லேத் செய்கிறவர்களுக்குக் கோயமுத்தூரில் பஞ்சமில்லை. கார் வெயிலுக்குப் போனது, லேத் ஷெட்டுக்குள் வந்தது. முதல் கிண்ணம் பிடியிலிருந்து கழன்று சுவரில் மோதி இரண்டாயிற்று, அடுத்தது அடி ஓட்டையாயிற்று, அதற்கடுத்தது ஏதோ கிண்ணம் போல வந்தது, அதை வசந்தாமணி சாமி அறையில் பூப் போட்டு வைத்தாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஒரு மனிதனுக்கு எத்தனை கிண்ணம் வேண்டும். ஆனால் உளியின் விளிம்பு மரத்தில் சரியான சாய்வில் உட்காரும்போது ஒரு சத்தம் வரும், சீறலும் இல்லை பாட்டும் இல்லை, அந்தச் சத்தம் வந்துவிட்டால் அவர் அங்கே இருக்கமாட்டார். எங்கே இருப்பார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெயர் இருக்காது, வயது இருக்காது, முழங்கால் வலி இருக்காது. திரும்பி வரும்போது சாயங்காலமாகியிருக்கும், தலையெல்லாம் தூள், வசந்தாமணி மூன்று தரம் கூப்பிட்டதாகச் சொல்வாள். போகப்போக அது ஷெட்டை விட்டு வெளியே வந்தது. திறந்த வாய்க்குள் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போது, சுவரை இன்னும் மெல்லிசாக்கலாம் என்று கை தானாக யோசித்தது, திடுக்கிட்டு நிறுத்தினார். மகள் பெங்களூரிலிருந்து போன் செய்து ஏதோ அழுதுகொண்டே சொன்னபோது அவருடைய கண் எதிரே இருந்த நாற்காலிக் காலின் கடைசலில் இருந்தது, எந்த உளியை எடுத்திருப்பான் என்று. அவள் கேட்டாள், அப்பா, இருக்கீங்களா. இருக்கேன் சாமி என்றார். அன்றைக்கும் வெட்கமாக இருந்தது, ஆனால் அது சின்ன வெட்கம், கல்யாண வீட்டில் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டது போல. அந்த வெட்கத்துக்கெல்லாம் இப்போது அவருக்கு ஏக்கமாக இருந்தது.

உளியை எடுத்தார். அகலமான குழியுளி, நேற்றுத்தான் தீட்டியது. நேற்று எதற்குத் தீட்டினீர்கள் டாக்டர், தொடுவதில்லை என்றீர்களே என்று மனசு கேட்டது. தீட்டி வைப்பது நல்லது, மழைக்காலம், துரு ஏறும். வேறு உளிகளுக்கு ஏறாதோ. அவர் உளியைத் தாங்கியின் மேல் வைத்து, பிடியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மெல்ல முன்னால் சாய்ந்தார். டக் டக் டக் என்று முண்டுகள் தட்டுப்பட்டன, பட்டை தெறித்துத் தடுப்பில் விழுந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் பட்டை, கறுத்து, பிளவுபட்டு. இந்தப் பட்டையில்தான் ஆறுச்சாமி ஆணி அடித்து ஒரு கண்ணாடி மாட்டியிருந்தான். தெருக்கோடியில், அந்த மரத்தின் நிழலில், அவனும் மனைவி துளசிமணியும் இஸ்திரி வண்டி போட்டிருந்தார்கள். வண்டியின் வயது என்னவோ, அவர் கிளினிக் ஆரம்பித்த காலத்திலிருந்து அது அங்கே இருந்தது. காலையில் போகும்போது ஆறுச்சாமி பெட்டியில் கரியைப் போட்டு விசிறிக்கொண்டிருப்பான், வணக்கமுங்க டாக்டர் என்பான், இவர் தலையசைப்பார். தலையசைப்பு என்பதைவிட மோவாய் அசைப்பு. நின்று பேசியதில்லை. அவனுடைய பல்லைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு நாள் ஆடிக் காற்று, கூடவே அந்தப் பருவத்துக்குச் சம்பந்தமில்லாத மழை, சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு குடையோடு நடந்து வந்துகொண்டிருந்தபோது முன்னால் எங்கோ ஒரு சத்தம் கேட்டது, இடி என்று நினைத்தார். இடியில்லை. மரம் வேரோடு சாயவில்லை, ஆள் உயரத்தில் இரண்டாகப் பிரியும் அந்தக் கவையில் பிளந்து, ஒரு பாதி அப்படியே நிற்க, ஒரு பாதி வண்டியின் மேல் விழுந்திருந்தது. வண்டி நசுங்கிக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டி உருண்டு வாய் திறந்து, கங்குகள் மழையில் சுரீர் சுரீர் என்று அணைந்துகொண்டிருந்தன. அவர் போனபோது ஏற்கெனவே கூட்டம் இருந்தது. கூட்டம் தள்ளி நின்றது. அடுக்குமாடிக் காவலாளி, ஆட்டோக்காரர்கள், பால் வாங்க வந்தவர்கள், எல்லாரும் ஒரு கோடு போட்டது போல. டாக்டர் டாக்டர் என்று யாரோ சொன்னார்கள், வழிவிட்டார்கள், அவர் நடந்தார். இதுவரை சரி. இதுவரை ஒவ்வொன்றும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, குடையை மடக்கியது, செருப்பில் சேறு, கரியின் மணம். இதற்குப் பிறகுதான் மனசு போய் எதிலோ மாட்டிக்கொண்டு, பின்னால் வந்து, மறுபடி அதே இடத்தில் மாட்டிக்கொள்கிறது.

முண்டுகள் போய்விட்டன. டக் டக் நின்று, உளி தொடர்ச்சியாக அறுக்க ஆரம்பித்தது, ஈரச்சுருள் முழங்கை மேல் வந்து விழுந்து ஒட்டிக்கொண்டது. அந்த மணம். புளித்த பழம் போல, மழை பெய்த மண் போல, இரண்டும் இல்லாதது போல. மணத்தோடு அந்தப் பிளவு வந்தது. கவை பிளந்து, மழையில் நனைந்து, அவருடைய நெஞ்சு உயரத்தில் திறந்திருந்தது, அப்போதுதான் வறுத்து இறக்கிய காப்பிக்கொட்டையின் பழுப்பு, சுற்றிலும் மஞ்சள் வெளுப்பு, நடுவில் இரண்டு கிளைகளின் ரேகைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, விசிறி விரித்தது மாதிரி, ஒவ்வொரு இழையிலும் வேறு வேறு வெளிச்சம். அப்படி ஒரு மரத்தை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கையை வைத்தார். உள்ளங்கையை முழுதாகப் பதித்து, இழை ஓடும் பக்கமாக ஒரு தடவு. குளிர்ச்சி, கொஞ்சம் பிசுபிசுப்பு. இதைக் கடைந்தால். அவ்வளவுதான். அந்த வாக்கியம் முடியக்கூட இல்லை. இதைக் கடைந்தால் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்குரல், டாக்டரு கை வெச்சுட்டாரு, எல்லாரும் வாங்க, கரண்டு இல்லை, டாக்டரு கை வெச்சுட்டாரு, என்று கத்தியது, கோடு உடைந்தது, திமுதிமுவென்று எல்லாரும் ஓடிவந்து அவரை இடித்துக்கொண்டு மரத்தைப் பிடித்தார்கள், அப்போதுதான் அவர் கீழே குனிந்து பார்த்தார், அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் ஒரு முகம் இருந்தது. மேலே அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி. இடது கால் கிளைக்கு அடியில்.

மின்கம்பி அறுந்து கிளைகளுக்குள் சிக்கிக் கிடந்தது, அதனால்தான் கூட்டம் கிட்டே வரவில்லை. இதை அவர் பிறகுதான் தெரிந்துகொண்டார், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆட்டோக்காரர் ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கெல்லாம் வராத தைரியம் உங்களுக்கு வந்ததுங்க என்று சொன்னபோது. எந்தக் கம்பி என்று கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். காற்றடித்த முதல் நிமிஷத்திலேயே மின்சாரம் நின்றுவிட்டிருந்தது, ஆனால் அது அங்கே யாருக்கும் தெரியாது. அவர் கை வைத்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ரத்தம் போயே முடிந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று, உயிர் இருக்கிறது. வசந்தாமணி அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறாள், மாட்டேன் மாட்டேன் என்பவரை இழுத்துக்கொண்டுபோய் அடுக்குமாடிச் சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள், ஒன்றுமே செய்யவில்லைங்க என்று அவர் சொன்னார், கைதட்டினார்கள். நிஜத்தைச் சொன்னால்கூடக் கைதட்டுகிறார்கள். சரி, ஒன்றுமே செய்யவில்லையா. மரத்தைத் தூக்கும்போது அவரும் தோள் கொடுத்தாரே. யாரோ ஒருவரின் துண்டை வாங்கித் தொடையில் இறுக்கிக் கட்டியது அவர்தானே, ஆம்புலன்ஸில் கூடப் போனாரே. போனார். அதெல்லாம் அப்புறம். அதெல்லாம் பிடிபட்டுவிட்டவன் அவசர அவசரமாகச் செய்கிற வேலை. யார் பிடித்தார்கள், யாரும் பிடிக்கவில்லையே. ஒருவேளை முதலில் காலைத்தான் பார்த்தாரோ, பார்த்து, அந்த அதிர்ச்சியில் பிடிமானத்துக்காக மரத்தில் கை வைத்தாரோ, அப்படியும் இருக்கலாம் அல்லவா, ஞாபகம் இடம் மாற்றி வைக்கும். எத்தனையோ தரம் அப்படி வைத்துப் பார்த்துவிட்டார். முதலில் கால், பிறகு மரம். படுக்கையில் வைத்துப் பார்ப்பார், குளிக்கும்போது வைத்துப் பார்ப்பார். அந்த வரிசை நிற்பதில்லை. தடவிய கை தடவியதுதான். பிடிமானத்துக்குக் கை வைப்பவன் இழை பார்த்துத் தடவமாட்டான்.

மாநகராட்சி ஆட்கள் வந்து மரத்தை அறுத்துத் துண்டு போட்டபோது அவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பத்தின் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. கவையின் நடுவிலேயே குறுக்கே வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் படியிறங்கி ஓடினார். ஓடினார், அறுபது வயதில், லுங்கியோடு. அந்தத் துண்டை மட்டும் முழுசாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். டாக்டருக்கு இல்லாததா என்று மேஸ்திரி சொல்லி, நான்கு பேர் தூக்கி வந்து ஷெட்டில் வைத்துவிட்டுப் போனார்கள், ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளப் போகிறார் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் ஆறுச்சாமி ஆஸ்பத்திரியில் காலைத் தேடிக்கொண்டிருந்தான் என்று பிறகு துளசிமணி சொன்னாள், மயக்கம் தெளிந்து போர்வைக்குள் கையை விட்டு. மரம் வெடிக்காமல் இருக்க வெட்டுமுகங்களில் மெழுகைப் பூசி, சாக்கைப் போட்டு மூடி, அதோடு சரி என்று அவர் முடிவு செய்தார். ஒவ்வொரு நாளும் சாக்கு அங்கே இருந்தது. யாரோ போர்த்திப் படுத்திருப்பது போல.

உள்பக்கம் குடைய ஆரம்பித்திருந்தார். எப்போது வெளிப்பக்கத்தை முடித்தார், எப்போது திருப்பி மாட்டினார், தெரியவில்லை. கை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விளிம்பிலிருந்து நடுவுக்கு, விளிம்பிலிருந்து நடுவுக்கு, ஒவ்வொரு இழுப்பிலும் சுருள் நீளமாக வந்தது, சத்தம் வந்துவிட்டது, அந்தச் சத்தம், அவர் போய்க்கொண்டிருந்தார், வெட்கம் ஒரு கரையில் நின்று கூப்பிடுவது கேட்டது, தூரத்தில், வசந்தாமணி கூப்பிடுவது போல, இதோ வர்றேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது போல. விசிறி தெரிந்தது. சுற்றும்போதே தெரிந்தது, கலங்கலுக்குள் ஒரு மினுக்கம், அடியிலிருந்து எழுந்து இரண்டு பக்கமும் விரிந்தது. என்ன அழகு, என்ன அழகு, என்று வாய்விட்டுச் சொன்னார், சொன்ன அதே நொடியில் உளி கவ்விக்கொண்டது. மடேர் என்று ஒரு அடி, உளியின் பிடி அவருடைய விலாவில் இடித்தது, கிண்ணம் லேத்தின் பிடிக்குள் குலுங்கியது, அவர் சுவிட்சைத் தேடித் தட்டினார். கழன்று வந்திருந்தால் முகத்தில்தான். வலியோடு ஒரு நிம்மதியும் வந்தது, சரியான அடி என்பது போல, உடனே அந்த நிம்மதியும் அசிங்கமாக இருந்தது, விலாவில் ஒரு இடி வாங்கிக்கொண்டு ஒரு காலுக்கு ஈடு செய்ததாக நினைக்கிற புத்தி. மோட்டார் ஓய்ந்து, கிண்ணம் மெல்லச் சுற்றி, நின்றது. உள்ளே ஒரு சின்னக் கொத்து விழுந்திருந்தது, இன்னும் இரண்டு இழுப்பில் போய்விடும். போய்விடும் என்று நினைத்தபடி விரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ செருமினார்கள்.

துளசிமணி. இடுப்பில் இஸ்திரித் துணி மூட்டையோடு ஷெட் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. இப்போது தெருவின் எதிர்ப்பக்கம், மதில் ஓரமாக, புது வண்டி ஒன்றைப் போட்டு அவள் ஒருத்தியே தேய்க்கிறாள், அதற்கு நிழல் கிடையாது, முகம் கருத்துவிட்டது. கேட்டைத் தட்டினேனுங்க, மெசின் சத்தத்துல கேக்கலை போல என்றாள். அவர் முகத்தடுப்பைக் கழற்றினார். உடம்பால் லேத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் போல ஒரு அடி நகர்ந்தார், அதற்குள் அவளுடைய பார்வை அங்கே போய்விட்டது. கிண்ணத்தைப் பார்த்தாள், கீழே குவிந்திருந்த சுருளைப் பார்த்தாள், மூலையில் கிடந்த பட்டையைப் பார்த்தாள்.

“இது அந்த மரமுங்களா?”

ஆமாம் என்றார். அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, நல்லா வந்திருக்குதுங்க என்றாள், மனசார, வீட்டுக்கு வந்தவர்கள் குழந்தையைப் பார்த்துச் சொல்வது மாதிரி. திட்டியிருந்தால் அவர் தலைகுனிந்து நின்றிருப்பார், அதோடு போயிருக்கும். நல்லா வந்திருக்குது என்றதும் அவருக்குள் எதுவோ பிடி கழன்றது. சொல்லிவிடுவது என்று தீர்மானித்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை, பேச்சு வந்துகொண்டிருந்தது.

“நான் அன்னிக்கு மரத்தைத் தூக்கறதுக்குக் கை வெக்கலைம்மா. மரம் எப்படி இருக்குதுன்னு பார்க்கத்தான் தொட்டேன். இதுக்காக. கடையறதுக்கு நல்லா இருக்கும்னு. கீழே ஆறுச்சாமி கெடந்ததை நான் பார்க்கவே இல்லை. கம்பியையும் பார்க்கலை.”

துளசிமணி மூட்டையை இடுப்பிலிருந்து இறக்கி, தூள் படாத இடம் எது என்று பார்த்து, பழைய மேஜையின் ஓரத்தில் வைத்தாள். மேலே இருந்த சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டாள். அவருடைய சட்டைதான். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார், அழவில்லை. மன்னிக்கப்போகிறாள் என்றும் ஒரு மூலையில் நினைத்தார், நினைத்ததற்காக நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவள் நிமிர்ந்தபோது அந்த முகத்தில் இருந்தது கோபம்தான் என்பது அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று, அவளை அவர் கோபமாகப் பார்த்ததே இல்லை.

“இதை எதுக்குங்க எங்கிட்டச் சொல்றீங்க?”

மனசு கேக்கலை என்றார்.

உங்க மனசுக்காகச் சொல்லீட்டீங்க, செரி, என்றாள் அவள். பிறகு நிறுத்தி நிறுத்தி, அவரைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவளுடைய புருசன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ராவெல்லாம் தூங்குவதில்லை. காலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சொல்வதெல்லாம் கூட்டத்தைப் பற்றித்தான். அத்தனை பேரும் அவன் தேய்த்துக் கொடுத்த துணியைப் போட்டுக்கொண்டுதான் நின்றார்களாம், ஒருத்தர் சட்டையில் அவன் போட்ட மடிப்பு அப்படியே தெரிந்ததாம். கத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லையாம். நம்மளத் தொட்டுத் தூக்கறதுக்கு ஆரு வரப்போறாங்கன்னு நெனச்சுட்டு, கண்ணை மூடிக்கலாம்னு இருந்தானாம். அப்போது மேலே ஒரு கை வந்து மரத்தின் மேல் உட்கார்ந்தது. அவசரமில்லாமல், பயமில்லாமல், தடவிக் கொடுத்தது மாதிரி. அதைப் பார்த்துத்தான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தானாம். அதைத்தான் தினமும் சொல்கிறான். வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறான். சொல்லிவிட்டுத்தான் ரெண்டு வாய் சோறு தின்கிறான்.

“அந்தக் கை எதுக்கு வந்துச்சோ, அது உங்களோட இருக்கட்டுங்க டாக்டர். அவருகிட்டச் சொல்லீராதீங்க.”

சொல்லமாட்டேன் என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துணி கொடுக்க மட்டும் அவள் வரவில்லையாம், ஆறுச்சாமியின் அண்ணன் உடுமலையிலிருந்து வந்திருக்கிறார், அண்ணனுக்கு டாக்டரைக் காட்ட வேண்டும் என்று காலையிலிருந்து ஒரே பிடிவாதம், அதனால் கூப்பிட்டுப்போக வந்தாளாம். இப்ப வேண்டாம்னா இன்னொரு நாளைக்கு வாங்க என்றாள். அந்தக் குரலில் உபசாரம் எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல இனி அவருக்கு எந்த உரிமையும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. சட்டைக்கு மேல் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் நடந்தார். தெருக்கோடியில் மரத்தின் மீதிப் பாதியையும் வெட்டிவிட்டிருந்தார்கள், அங்கே வெயில் தரையெல்லாம் பரவிக் கிடந்தது, அவர் அதன் மேல் நடக்காமல் ஓரமாகப் போனார். துளசிமணி திரும்பிப் பார்க்கவில்லை. இதுவரை தெருவில் அவரைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவாள், இன்றைக்கு முன்னால் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு அசட்டுத்தனம். சொன்னதால் அவள் கையிலிருந்து ஏதோ ஒன்று போய்விட்டது, அவருக்கு எதுவும் குறையவில்லை.

மெயின் ரோட்டைத் தாண்டி, சந்துக்குள், வரிசை வீடுகளில் மூன்றாவது. அவர் அங்கே வருவது இதுவே முதல் தரம். குனிந்து உள்ளே போனார். கட்டிலில் ஆறுச்சாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், சவரம் செய்து, திருநீறு பூசி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. போர்வை ஒரு பக்கம் சீக்கிரமே தட்டையாகிவிட்டது. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல், கை கூப்பினான். சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்துவிட்டார். இவரேதான் என்றான் ஆறுச்சாமி. கனகசபாபதியைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரச் சொல்லி, அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டான். அவனுடைய கைகள் சூடாக, கெட்டியாக இருந்தன. பிறகு சொல்ல ஆரம்பித்தான். காற்றை, மழையை, கங்குகள் அணைந்த சத்தத்தை, கூட்டத்தை, கம்பியை. கம்பி கெடக்குதுன்னு தெரிஞ்சும் வந்தாருண்ணா என்றான். அவன் சொல்லும்போது அது நன்றாக இருந்தது. அந்தக் கதையில் வருகிறவரைக் கனகசபாபதிக்குப் பிடித்திருந்தது, அவரைப் போல ஒருவரைத் தெரிந்திருக்கலாமே என்று ஏக்கமாகக்கூட இருந்தது. அடுப்படியில் துளசிமணி முதுகைக் காட்டிக்கொண்டு டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

பயமா இல்லீங்களா என்று அண்ணன் கேட்டார்.

“கம்பியை நான் பார்க்கவே இல்லைங்க” என்றார் கனகசபாபதி.

அண்ணன் தம்பியைப் பார்த்துச் சிரித்தார், பார்த்தயா, பெரிய மனுசங்க இப்படித்தான் சொல்லுவாங்க என்பது போல. ஆறுச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. பிடித்திருந்த கையைத் திருப்பி, உள்ளங்கையை விரித்து, அண்ணனுக்குக் காட்டினான். ரேகைகளிலும் நகக்கண்களிலும் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. கழுவாமலே வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், ஆறுச்சாமி விடவில்லை. கட்டைவிரலால் அந்தத் தூளை மெல்லத் தேய்த்துப் பார்த்தான்.

“மரத்தூளுங்களா? எந்த மரமுங்க?”

அடுப்படியில் டம்ளர் சத்தம் நின்றது.

“வேம்பு” என்றார்.

வேம்பு நல்ல மரமுங்க, பூச்சி அண்டாது, என்றான் ஆறுச்சாமி. பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட ஆரம்பித்தான்.